நெல்லைச் சீமை மூலிகைகளும் மருந்துகளும்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அப்பா பாளையங்கோட்டையில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தார். நான் பார்மசி படித்துவிட்டு அதே தெருவில் இங்கிலீஷ் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, ரெண்டு கடைக்கும் உரிய கேள்விகள் என்னிடமே வருகின்றன. மாத்திரை வாங்க வருகிற அண்ணாச்சி, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பார். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. எந்த நோய்க்கு எது என்று இதில் தேடாதீர்கள்.

மூலிகைக்கும் அதிலிருந்து எடுக்கிற மருந்துக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒரே செடிதானே?

செடி ஒன்றுதான். அளவுதான் வேறு. ஒரு இலைக்குள் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்கும். அதில் வேலை செய்கிற ஒன்றையோ இரண்டையோ பிரித்தெடுத்து, ஒரு மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று கட்டிவிட்டால் அது மருந்து. இலையில் அந்தக் கணக்கு நிற்காது. மழை பெய்த வருஷத்து இலை வேறு, காய்ந்த வருஷத்து இலை வேறு. வெயிலில் காய்ந்ததும் நிழலில் காய்ந்ததும் ஒன்றில்லை.

சித்த மருந்து என்றாலே வெறும் மூலிகை என்று நினைப்பதும் தப்பு. பற்பம், செந்தூரம் என்று வருகிறவற்றில் உலோகமும் உப்பும் பாஷாணமும் உண்டு. அது தனிச் சமாச்சாரம், இங்கே செடிகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏதோ ஒரு மருந்துக்கு நம்ம ஊர்ப் பேரையே வைத்திருக்கிறார்களாமே?

மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற நிலாவாரை. இங்கிலீஷ் மருந்து நூல்களில் அதன் பேர் 'டின்னவெல்லி சென்னா'. வெள்ளைக்காரன் வாயில் திருநெல்வேலி அப்படித்தான் ஆனது. எகிப்து வழியாகப் போன சரக்கு அலெக்சாண்டிரியா சென்னா, இங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போனது டின்னவெல்லி சென்னா. இரண்டையும் தனித்தனி இனம் என்றுதான் ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். இப்போது தாவரவியல்காரர்கள் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார்கள்.

செடி நம்முடையது இல்லை, அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. வந்த இடம் பிடித்துப்போனதால் ஊர்ப் பேரையே வாங்கிக்கொண்டது. இன்றைக்கு நம்ம மாநிலத்தில் இது அதிகம் விளைவது தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம். 'அப்புறம் ஏன் திருநெல்வேலி?' என்று கேட்டால், 1986 வரை தூத்துக்குடியும் திருநெல்வேலி ஜில்லாதான்.

வானம் பார்த்த பூமிக்கு ஏற்ற பயிர் இது. விதைத்து ரெண்டு மூன்று மாதத்தில் இலை தடித்து, லேசாக நீலம் ஓடிய பச்சையாகும்போது முதல் பறிப்பு. பறித்த இலையை நிழலில் மெல்லிசாகப் பரப்பிக் காயப்போட வேண்டும். குவித்துப் போட்டால் புழுங்கிக் கறுத்துவிடும். அப்பாவோடு ஒரு தடவை சரக்குப் பார்க்கப் போனேன். வியாபாரி எந்தக் கருவியும் எடுக்கவில்லை. ஒரு பிடி இலையை அள்ளி, உள்ளங்கையில் விரித்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மஞ்சள் பட்ட இலையை ஒரு விரலால் தள்ளினார். காம்பை ஒடித்தார். விலை சொன்னார். அவ்வளவுதான். இன்றைக்கு இலையில் வேலை செய்கிற பொருளான சென்னோசைடு எத்தனை சதவீதம் என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்து விலை வைக்கிறார்கள், ஆனாலும் பச்சை நிறம் போன இலைக்கு முகம் சுளிப்பது மாறவில்லை.

மலச்சிக்கலுக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிற மருந்து அந்தச் சென்னோசைடுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. நம்ம கடையில் 12 மில்லிகிராம் மாத்திரையாக வருகிறது. ராத்திரி போட்டால் காலையில் வேலை செய்யும். இதற்குக் காரணம் உண்டு. சென்னோசைடு வயிற்றில் ஒன்றும் செய்யாது. பெருங்குடல் வரை அப்படியே போகும். அங்கே இருக்கிற பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் குடலைக் கிளப்பிவிடும். அதனால் 6 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரம் ஆகும். இது தெரியாமல் ஒரு மணி நேரத்தில் 'வேலை செய்யலையே' என்று இரண்டாவது மாத்திரை போட்டவர்கள் மறுநாள் என்னிடம் வந்து சண்டை போட்டதுண்டு.

அவுரி என்கிறார்கள், நிலாவாரை என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவாகிறது. புத்தகத்தில் அவுரி என்றால் நீலச் சாயம் எடுக்கிற செடி. தலைமுடிக்கு மருதாணியோடு போடுகிறார்களே, அது. ஆனால் விளாத்திகுளம், சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் போய் அவுரி என்று கேளுங்கள், நிலாவாரையைக் காட்டுவார்கள். சந்தையிலும் 'அவுரி இலை' என்றால் ஏற்றுமதிக்குப் போகிற நிலாவாரைதான். யார் மேலும் தப்பில்லை. ஒரே சொல், இரண்டு செடி.

ஒரு தடவை ஒரு அக்கா தலைக்குப் போட அவுரிப் பொடி வாங்கியிருந்தார். எங்கே வாங்கினார் என்பது வேண்டாம். இரண்டு மணி நேரம் ஊறவைத்து அலசினால் முடி வெள்ளையாகவே இருக்கிறது. கோபத்தோடு பொட்டலத்தை என் கடைக்குக் கொண்டுவந்தார். முகர்ந்து பார்த்தேன், ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். நிலாவாரை. முடியோடு போனது நல்லதாயிற்று. இதே குழப்பம் எதிர்ப்பக்கமாக நடந்து, நிலாவாரை என்று நினைத்துச் சாயப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்திருந்தால்?

அப்பா எந்தச் சரக்கையும் எடை போடுவதற்கு முன்னால் 'எதுக்கு?' என்று கேட்பார். சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருக்கும். வாங்க வந்தவரிடம் எதுக்கு என்று கேட்கலாமா? பேரை நம்பி மூலிகை கொடுக்க முடியாது என்பதும், உபயோகத்தைக் கேட்டால்தான் எந்தச் செடி என்று தெரியும் என்பதும் பிறகுதான் புரிந்தது.

நிலாவாரைப் பொடியைத் தினமும் சாப்பிடலாமா? இயற்கைதானே?

வேண்டாம். சில நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பிலிருந்து பொட்டாசியம் போகும், இதயத்துக்கும் பி.பி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து. குடலின் உள்சுவர் கறுத்துப்போவதும் உண்டு. காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு இதைத் தொடவே கூடாது, குடல் அடைப்பாக இருந்தால் விபரீதமாகிவிடும். சிறுநீர் கொஞ்சம் சிவந்தோ பழுப்பாகவோ போனால் மட்டும் பயப்பட வேண்டாம், அது இந்த இலையின் நிறம்.

நித்தியகல்யாணி இலையைத் தின்றால் புற்றுநோய் குணமாகுமா?

குணமாகாது. தின்னவும் கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு ஸ்கேன் கவரோடு நிற்பார்கள். அதனால் 'இல்லை' என்று மட்டும் சொல்லி அனுப்ப மனசு வராது, முழுக் கதையையும் சொல்வேன்.

சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கி வைத்த செடி அது. ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் கேட்காது, கல்லறை ஓரத்தில் தானாக வளரும். அதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. ஜமைக்காவில் இதன் இலையைக் கொதிக்க வைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்களாம். அந்த இலை 1950களில் கனடாவுக்குப் போனது. அங்கே ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகள் கிருமித் தொற்றில் செத்துக்கொண்டே இருந்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. வேறு யாராவது என்றால் எலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போயிருப்பார்கள். வெள்ளை அணுக்கள் தாறுமாறாகப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய், அதைக் குறைக்கிற பொருள் இதில் இருக்கிறதே என்று அவர் யோசித்தார். அவரோடு வேலை செய்த சார்லஸ் பியர் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் எலை லில்லி கம்பெனியும் அதே சமயம் இந்தச் செடியில் இறங்கியிருந்தது. அங்கிருந்து வந்தது வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் முதல் வரிசை மருந்துகளில் அது ஒன்று.

சரி, அப்படியானால் இலையையே தின்றால் என்ன? டன் கணக்கில் இலையை அரைத்தால்தான் கிராம் கணக்கில் மருந்து கிடைக்கும். அந்தக் கிராமையும் ஒரு நோயாளிக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமாகப் பிரித்து, நரம்பு ஊசி வழியாக, வாரத்துக்கு ஒரு தடவை என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். ரத்தக்குழாயில் போக வேண்டியது தவறிப்போய்த் தண்டுவடத்தில் ஏறினால் உயிர் போய்விடும், அத்தனை கடுமையான சரக்கு. இலையை வாயில் போட்டால் நோய்க்குத் தேவையான அளவு கிடைக்காது. அதில் இருக்கிற மற்ற எத்தனையோ வேதிப்பொருள்களின் தொந்தரவு மட்டும் கிடைக்கும். எலிகளுக்கு என்ன ஆனது என்று மேலே சொன்னேனே, வெள்ளை அணு குறைந்த புற்றுநோயாளிக்கும் அதுவேதான் ஆகும்.

நம்ம பக்கம் சங்கரன்கோவில், கோவில்பட்டி வட்டாரத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போட்டிருக்கிறார்கள். இலை ஒரு விலை, வேர் ஒரு விலை. வேரில் கிடைக்கிற அஜ்மாலிசின் ரத்த ஓட்டத்துக்கான மருந்துகளுக்குப் போகிறது. இலையைக் கிலோக் கணக்கில் விற்றவரின் பேத்திக்கே அந்த மருந்து ஊசியாகத் திரும்பி வந்தாலும் வரும், விலைதான் மில்லிகிராம் கணக்கில் இருக்கும்.

இருமல் சிரப்பில் ஆடாதொடை இருக்கிறதா?

சில சிரப்பில் நேரடியாகவே இருக்கும், லேபிளைப் பாருங்கள். லேபிளில் இல்லாவிட்டாலும் சொந்தம் உண்டு. ஆடாதொடை இலையில் இருக்கிற வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்துச் செய்ததுதான் புரோம்ஹெக்சின். அது உடம்புக்குள் போய் மாறுகிற ஒரு வடிவம் ஆம்புராக்சால். சளியைக் கரைக்க டாக்டர்கள் எழுதுகிற பாதிச் சிரப்பில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். எங்கள் ஆச்சி ஆடாதொடை இலையை இட்லிக் கொப்பரையில் அவித்துப் பிழிந்து தேன் விட்டுக் கொடுப்பாள். கசப்பு தாங்காமல் நாங்கள் ஓடியது சிரப்பின் தாத்தாவிடமிருந்து என்று அப்போது தெரியாது.

கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தொட வேண்டாம். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை வாசிசினுக்கு உண்டு.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா?

இதில் இரண்டு பக்கமும் நான் திட்டு வாங்கியிருக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். 1988இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் சேர்ந்து, லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்ட 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற ஊர்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. செடி இனம் மாறியதா, விளைந்த மண்ணா, ஆய்வு முறையா என்று இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் நடப்பது வேறு. நம்ம ஊரில் தண்ணீரால் வருகிற காமாலையில் பெரும்பாலானது ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. அது அநேகமாகச் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். அந்தப் பேரைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்கிறது. வாங்கிவிட்டுப் போகட்டும், மோரில் அரைத்துக் குடிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காமாலை என்பது நோய் இல்லை, ஒரு அடையாளம். பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், கட்டி இருந்தாலும் ஆகும். முதலில் ரத்தம் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் என்றால் செடிப் பேச்சே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் கொல்லும் என்பது உண்மையா?

நாக்கில் கொல்லும். அதை நீங்களே பார்க்கலாம். பச்சை இலை ஒன்றிரண்டை நன்றாக மென்று, நாக்கு முழுக்கப் படும்படி புரட்டித் துப்புங்கள். பிறகு ஒரு சிட்டிகை சீனி போட்டால் ஆற்று மணல் மாதிரி நறநற என்று இருக்கும், இனிப்பே தெரியாது. கல்லூரியில் முதல் வருஷம் இதைச் செய்துவிட்டு அல்வா சாப்பிட்டோம். திருநெல்வேலி அல்வா நெய்யில் ஊறிய ரப்பர் போல இருந்ததை அன்றுதான் பார்த்தேன், அரை மணி நேரம் வாழ்க்கை வெறுத்துவிட்டது. இலையில் இருக்கிற ஜிம்னிமிக் அமிலம் இனிப்பை உணர்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் காரணம்.

ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு குறைக்கும் என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் எச்சரிக்கை. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்பு உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு இலைக்கு மாறுவதும் சரியில்லை. இன்னொன்று, மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் மூலம் ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியில் கிடைத்த பொருளைப் பார்த்துச் செய்த குடும்பம் அது. 1957இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். 'கெமிக்கல் வேண்டாம், மூலிகை கொடுங்க' என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

சர்ப்பகந்தா வேர் பி.பி.க்கு நல்லதா?

1949இல் மும்பை டாக்டர் ரஸ்தம் வக்கீல் அதை ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த அனுபவத்தை ஒரு பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தது. ரத்த அழுத்தத்துக்கு முதலில் வந்த நல்ல மருந்துகளில் அது ஒன்று. ஆனால் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு பிடித்தது. அதைவிடப் பாதுகாப்பான மாத்திரைகள் வந்ததும் ரெசர்பின் பின்னுக்குப் போய்விட்டது. இப்போது வேரை வாங்கி இடித்துச் சாப்பிடுவது அந்தத் தொந்தரவை அளவில்லாமல் வாங்குவதற்குச் சமம். மேலும், வாய்க்கால் கரையில் தானாக முளைத்து நிற்கும் 'பாம்புக்களா' என்ற செடி இதன் ஒன்றுவிட்ட தம்பி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் வேரையும் சர்ப்பகந்தா என்று கலந்து விற்கிறார்கள்.

செங்காந்தள் கிழங்கு மூட்டுவலிக்கு ஆகுமா?

மாநில மலர், சங்கப் பாட்டில் வருகிற பூ, எல்லாம் சரி. கிழங்கு கொடிய விஷம். கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கண்வலிக்கிழங்கு என்றும் பேர். அதில் இருக்கிற கோல்சிசின் 'கவுட்' என்கிற யூரிக் அமில மூட்டுவலிக்கு மாத்திரையாக வருகிறது, அரை மில்லிகிராம். மருந்துக்கும் விஷத்துக்கும் இதில் இடைவெளி ரொம்பக் குறைவு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் உண்டு. வீட்டில் அழகுக்கு வளர்த்தால் குழந்தைகள் கிழங்கைத் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெங்குக்கு நிலவேம்பு?

நிலவேம்புக் குடிநீர் என்பது ஒன்பது சரக்கு சேர்ந்தது. வெட்டிவேர், சுக்கு, மிளகு, பற்படாகம், பேய்ப்புடல் எல்லாம் அதில் உண்டு. வெறும் நிலவேம்பைக் கொதிக்க வைத்தால் அது வேறு. காய்ச்சலில் குடிக்கலாம், ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பார்ப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பொதிகை மலைக்குப் போய் நாமே மூலிகை பறித்து வரலாமா?

முடியாது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். ஒரு இலை கிள்ளினாலும் வனத்துறை வழக்குப் போடும். பொதிகை என்கிற அகத்தியர் மலை வட்டாரம் முழுக்க 2016இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே இருப்பதில் பல வேறெங்கும் இல்லாத செடிகள். மரமஞ்சள் என்ற கொடியைப் பாருங்கள், பெர்பெரின் என்ற மருந்துப்பொருள் இருக்கிறது என்று வெட்டி வெட்டியே அருகிப்போனது. அது முதிர ஆகிற வருஷங்களை எண்ணினால், கடையில் அதைத் துண்டு துண்டாகப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் சாக்கு விரித்து 'பொதிகை மலை அபூர்வ மூலிகை' விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாரல் நாளில் நானும் நின்று வேடிக்கை பார்த்தேன். ஒருவர் ஒரு வேரைத் தூக்கிக் காட்டி எண்பது நோய்க்கு மருந்து என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன், சாயம் ஏற்றிய ஏதோ ஒரு வேர், விரலில் சிவப்பு ஒட்டியது. அப்பாவின் பழக்கத்தில் 'இது எதுக்கு அண்ணாச்சி?' என்று கேட்டேன். 'எல்லாத்துக்கும்' என்றார்.

மலையில் இருக்கிற காணிப் பழங்குடி மக்களுக்குத் தெரிந்த மூலிகையில் மருந்து செய்தார்களாமே, பணம் கிடைத்ததா?

கொஞ்சம் கிடைத்தது. 1987இல் அகத்தியர் மலையின் கேரளப் பக்கம் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். வழிகாட்டிய காணிக்காரர்கள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தது. 1995இல் கோயம்புத்தூர் ஆயுர்வேதக் கம்பெனி ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத விற்பனைப் பங்குக்கும் உரிமம் கொடுத்தார்கள். வந்ததில் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடு. அறிவைக் கொடுத்தவனுக்குப் பங்கு என்று உலகமே எடுத்துக்காட்டிய ஒப்பந்தம் அது. இந்தப் பக்கம் பாபநாசத்துக்கு மேலே மயிலாறு, இஞ்சிக்குழி என்று இருக்கிற காணிக் குடியிருப்புகள் அதே சனம்தான். மலைக்கு நடுவில் மாநில எல்லை ஓடுகிறது, செடிக்கும் அவர்களுக்கும் அது தெரியாது.

மூலிகை சாப்பிடுவதை டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

திட்டட்டும், சொல்லுங்கள். ஒரு பெரியவருக்கு பி.பி. மாத்திரை எவ்வளவு கூட்டியும் இறங்கவில்லை. மூன்று மாதம் மாத்திரை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். தொண்டைக்கு நல்லது என்று தினமும் அதிமதுரம் மென்றுகொண்டிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பேரப்பிள்ளை அவர் சட்டைப்பையிலிருந்து குச்சியை எடுத்து என் மேசையில் வைத்த பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். பேர் தெரியாவிட்டால் பொட்டலத்தையே எடுத்துப் போங்கள்.

இது இன்ன செடிதான் என்று யாரிடம் உறுதி செய்வது?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இங்கேதான் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் உண்டு. நாலு இலையை நசுக்கிப் பையில் போட்டுக் கொண்டு போகாதீர்கள், யாராலும் சொல்ல முடியாது. பூவோ காயோ இருக்கிற ஒரு முழுக் கொப்பை, செய்தித்தாளில் விரித்து மடித்து, வாடுவதற்குள் கொண்டுபோங்கள். எந்த ஊரில் பறித்தது, அங்கே அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.